நன்கொடை கொடு, ரயிலைப் பிடி!

டோக்கியோ இகெபுகுரோவில் ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் சுருகாஷிமா. 'கேட்டோ' கம்பெனியின் குட்டி ரயில்கள் தயாராகிற ஊர். பொம்மை என்று சொன்னால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் அசல் அச்சு சார்!

இந்த நகராட்சிக்கு நன்கொடை அனுப்பினால் ரயில் பார்சலில் வரும். 2008-ல் வந்த 'சொந்த ஊர் வரி' திட்டம். (பிறந்த ஊராகத்தான் இருக்கணும் என்றில்லை!) 2,000 யென் போக மீதி, வரம்புக்குள் இருந்தால், வரியில் கழிந்துவிடும்.

காமர்ஸ் படித்த புத்தி சும்மா இருக்குமா? அப்போ ரயிலுக்குக் காசு யாருடையது? கொடுத்தவர் குடியிருக்கும் ஊருடையது! பெரும்பாலான ஊர்களுக்கு இழப்பில் முக்கால் பங்கை மத்திய அரசு ஈடுகட்டும். டோக்கியோவின் செத்தகாயா வார்டுக்கு அதுவும் கிடையாது.

பரிசு உள்ளூர்ச் சரக்காக, நன்கொடையில் 30 சதவீதத்துக்குள் இருக்கணும் என்று 2019-ல் கடிவாளம் போட்டார்கள். சுருகாஷிமாவுக்கென்ன, சரக்கு கைவசம்! செத்தகாயாவில்தான் குப்பை லாரியை நிஜ சைஸில் ஓட்டியாக வேண்டும்.