கேட்டால்தான் கிடைக்கும் படங்கள்

பழுகாமத்தில் படம் பார்க்காத ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை சென்னையில் வெளிவரும் படம் அடுத்த கிழமைக்குள் எங்கட போன்களுக்கு வந்து சேர்ந்துவிடும். விஜய்யின் எந்தப் படம் எந்த வருசம், யார் இசை, யார் கமரா எண்டு கேட்டால் எட்டாம் ஆண்டுப் பிள்ளையே சொல்லும். ஆனா "இலங்கையில் எடுத்த தமிழ்ப் படம் ஒன்றின் பேர் சொல்லுங்க" எண்டு கேட்டுப் பாருங்க. கொஞ்ச நேரம் யோசித்துப்போட்டு ஆராவது ஒருவர் 'தீபன்' என்பார். அது ஜாக் ஓடியார் எடுத்த பிரெஞ்சுப் படம், 2015 இல் கான் விழாவின் பெரிய விருதை வாங்கினது. அதுக்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அந்த இடத்தில் சொல்வதற்கு உங்களிடம் நாலு பேராவது இருக்கட்டும் எண்டுதான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1962 இல் ஹென்றி சந்திரவன்ச 16 மில்லிமீற்றரில் எடுத்த 'சமுதாயம்' தான் இந்த நாட்டின் முதல் தமிழ்ப் படம். அடுத்த வருசம் 'தோட்டக்காரி' வந்தது. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தொடங்கி, இந்தியப் படங்களின் வரவு கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது எங்கட ஆட்களுக்கும் படமெடுக்கத் துணிவு வந்தது. 'வாடைக்காற்று', 'ஏமாளிகள்', 'நான் உங்கள் தோழன்' எல்லாம் 1978 எண்ட ஒரே வருசத்தில் வந்தவை. பிறகு 1983 யூலை. ஹெந்தலையில் இருந்த விஜயா ஸ்ரூடியோவை எரித்தார்கள், படச்சுருள்களும் அதோட போயின. தம்பிஐயா தேவதாஸ் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' என்ற புத்தகத்தை எழுதாமல் விட்டிருந்தால், பல படங்களின் பேர்கூட எங்கட வயதுக்காரருக்குத் தெரிய வந்திருக்காது.

எரிந்தது ஒரு பக்கம். எரியாமல் மிஞ்சினதும் ஏன் காணாமல் போகுது? ஆரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். கேட்க ஆளில்லாத படத்தைத் தியேட்டர்காரர் போடமாட்டார், டிவிக்காரர் வாங்கமாட்டார், இருக்கிற ஒரு சுருளையும் ஒருவரும் துடைத்துப் பத்திரமாக வைக்கமாட்டார்.

இனிப் படங்களுக்கு வருவோம்.

முதல் படம் 'பொன்மணி'. 1970களில் வந்தது. எடுத்தவர் தர்மசேன பத்திராஜ. சிங்களத்தில் 'பம்பரு அவித்', 'அஹஸ் கவ்வா' எடுத்த அதே ஆள். அந்தக் காலத்தில் அவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். கதையை எழுதியவர் காவலூர் இராசதுரை. சீதனம் குடுக்க வழியில்லாததால் கலியாணங்கள் தள்ளிப் போகிற ஒரு வேளாள வீடு. அந்த வீட்டுப் பிள்ளை, ஊர் சாதி குறைவெண்டு சொல்லும் ஒருவனை விரும்புகிறாள். முடிவைச் சொல்லமாட்டோம். இந்தப் படத்தில் வில்லன் எண்டு ஒருவரும் இல்லை. எல்லாரும் நல்ல மனுசர், எல்லாரும் ஊர் என்ன சொல்லும் எண்டுதான் யோசிக்கிறார்கள். பயங்கரமே அதுதான்.

இதை வாசிகசாலைச் சுவரில் வெள்ளைச் சேலை கட்டி ஒருநாள் போட்டோம். இருபது பேர் வந்தார்கள். முடியக்குள்ள ஒன்பது பேர் மிச்சம். பாதியில் எழும்பின ஒரு மாமா, "என்ன மனே, ஆக்கள் நடந்துகொண்டே இருக்காங்க, படம் எப்ப தொடங்கும்?" எண்டு கேட்டுப்போட்டுத்தான் போனார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. ஆனா இருந்த ஒன்பது பேரில் ஒரு அக்கா, படம் முடிந்த பிறகும் கதிரையை விட்டு எழும்பவில்லை. "யாழ்ப்பாணத்துக் கதை எண்டு சொன்னீங்க. இது எங்கட வீட்டுக் கதையெல்லோ" எண்டு சொன்னா.

அவ சொன்னது சரி. எங்கட பக்கம் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். மூன்று பிள்ளை எண்டால் மூன்று வீடு கட்ட வேணும். அந்த வீட்டைக் கட்டுறதுக்கெண்டே குவைத்துக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போன அம்மாமார் எத்தனை பேர். கல்லு வாங்கி, ஓடு வாங்கி, நிலை வைக்கக்குள்ள பிள்ளைக்கு முப்பது வயசு. ஒரு பெண்ணைக் கலியாணம் கட்டிக் குடுக்கிறதெண்டால் என்ன செலவு, அந்தச் செலவு வீட்டுக்குள்ள இருக்கிற ஆட்களை என்ன செய்யுது எண்டு நாங்கள் பார்த்த இந்தியப் படங்களில் இவ்வளவு பக்கத்தில் வந்து ஒருவரும் காட்டவில்லை. 'பொன்மணி' காட்டுது. அதுவும் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுக்கு முதல்.

இரண்டாவது 'வாடைக்காற்று'. செங்கை ஆழியானின் நாவலை பிரேம்நாத் மொறாயஸ் படமாக்கினார். வாடை பெயரும் காலத்தில் மீன்பிடிக்க வந்து வாடி போடும் ஆட்களுக்கும் தீவுக்காரருக்கும் இடையில் நடக்கும் கதை. நாவலை முதலில் படியுங்க, பிறகு படத்தைத் தேடுங்க. வலையும் தோணியும் பார்த்து வளர்ந்த வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு, காற்று மாறினால் வீட்டு அடுப்பும் மாறும் எண்டு ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது 'இனி அவன்'. 2012 இல் அசோக ஹந்தகம எடுத்தது. அந்த வருசம் கான் நகரில் அசிட் பிரிவில் திரையிட்டார்கள். போராளியாக இருந்த ஒருவன் யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பி வருகிறான். ஊர் அவனைக் கும்பிட்டு வரவேற்கவும் இல்லை, அடித்துத் துரத்தவும் இல்லை. பார்க்குது, அவ்வளவுதான். ஒருகாலத்தில் விரும்பின பெண் இப்ப ஒரு பிள்ளையோட. வேலை தேடினால் நகைக்கடைக் காவல் வேலை கிடைக்குது. அந்த வேலையும் இன்னொருவரின் வயிற்றில் அடித்துத்தான் கிடைத்தது எண்டு பிறகு தெரிய வருது. அவனுக்குப் படம் முழுக்கப் பேரே இல்லை. தர்ஷன் தர்மராஜ் நடித்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார், தோளும் கழுத்தும்தான் பேசும். 2022 இல் இளவயதிலேயே இறந்துபோனார். அவர் போன செய்தி வந்த பிறகுதான் எங்களில் சிலர் இந்தப் படத்தைத் தேடிப் பார்த்தோம்.

படுவான்கரை 2007 வரைக்கும் எப்படி இருந்தது எண்டு இங்க சொல்லத் தேவையில்லை. திரும்பி வந்தவர்கள் எங்கட ஒழுங்கைகளிலும் இருக்கிறார்கள். கடையில் சாமான் வாங்க வருவார்கள், கோயில் திருவிழாவில் ஓரமாக நிற்பார்கள். அவர்களோட என்ன கதைக்கிறது எண்டு தெரியாமல் "சுகமா அண்ணன்?" எண்டு கேட்டுப்போட்டு நாங்கள் போய்விடுகிறோம். 'இனி அவன்' அந்த "சுகமா"வுக்குப் பிறகு என்ன இருக்கு எண்டு இரண்டு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து பார்க்க வைக்குது.

கவனித்தீர்களா, இந்தத் தீவில் எடுத்த தமிழ்ப் படங்களில் நாங்கள் சொன்ன 'பொன்மணி', 'இனி அவன்' இரண்டும் சிங்கள இயக்குநர்கள் எடுத்தவை. இதைக் கேட்டுக் கோபப்படுகிறவர்களும் உண்டு, பெருமைப்படுகிறவர்களும் உண்டு. எங்களுக்கு இரண்டும் இருக்கு. அவர்கள் வந்து எடுத்தது பெரிய விசயம். எங்கட ஆட்கள் எடுக்க வழி இல்லாமல் போனதும் பெரிய விசயம்தான்.

நாலாவது எங்கட ஆளே எடுத்த ஆவணப்படம், யூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்'. 2017 இல் இதுவும் கான் விழாவுக்குப் போனது. 1983 இல் சின்னப் பிள்ளையாக ரயிலேறி வடக்குக்குத் தப்பின ஒருவர், வளர்ந்த பிறகு அந்தப் பாதையில் திரும்பிப் போய், தமிழ் இயக்கங்கள் ஒன்றை ஒன்று கொன்ற கதையைத் தன்ட மாமாவின் வாயாலேயே கேட்கிறார். 2018 இல் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவில் போட இருந்து, எதிர்ப்பு வந்து எடுத்துவிட்டார்கள். எங்களுக்குள்ளேயே இந்தப் படத்தைப் பற்றி ஒரு கருத்தில்லை. "இதை இப்ப ஏன் சொல்ல வேணும்" எண்டு ஒருவர், "இப்ப சொல்லாமல் எப்ப சொல்றது" எண்டு மற்றவர். சண்டை பிடிக்கிறதெண்டாலும் பார்த்துப்போட்டுப் பிடிப்போம்.

கடைசியாக ஒன்று, கடல் கடந்து. லெனின் எம். சிவம் கனடாவில் எடுத்த 'எ கன் அண்ட் எ ரிங்'. 2013 இல் ஷாங்காய் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குத் தெரிவானது. டொரன்டோவில் இருக்கிற எங்கட ஆட்களின் பல கதைகள், ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு போகும். வெளிநாட்டுச் சித்தப்பா வட்ஸ்அப்பில் அனுப்புகிற படங்களில் பனியும் காரும்தான் தெரியும். மிச்சம் இந்தப் படத்தில் இருக்கு.

இப்ப அந்த மாமாவின் கேள்விக்கு வருவோம். "படம் எப்ப தொடங்கும்?" இந்தப் படங்களைச் சொன்னாலே வரும் முதல் குறை, மெதுவாகப் போகுது எண்டதுதான். சரி. ஆனா அதே மாமா வட்டக்களரிக்கு முன்னால பாயை விரித்து விடிய விடியக் கூத்துப் பார்க்கிறவர். ஒரு ராசா கொலுவுக்கு வந்து, ஆடி, தன்ட பேரைச் சொல்லி முடிக்கவே எவ்வளவு நேரம் போகும்? அவர் அலுக்கமாட்டார். அண்ணாவியார் ஒரு தாளத்தைத் தப்பவிட்டால் கண்டுபிடித்துவிடுவார். பொறுமை எங்களுக்கு இல்லாத சாமான் இல்லை. ஒரு படத்துக்கு எப்படி உட்கார வேணும் எண்டு நாங்கள் பழகிக்கொண்டது சென்னைப் படங்களிடம். வேற பழக்கமும் எங்களிடம் ஏற்கெனவே இருக்கு.

இதெல்லாம் ஏன் முக்கியம்? எங்கட பொடியன்கள் இப்ப குறும்படம் எடுக்கிறார்கள். நல்ல விசயம். ஆனா வாவிக்கரையில் நின்று, எங்கட சாரத்தைக் கட்டிக்கொண்டு, கமரா ஓடத் தொடங்கினதும் கதைக்கிறது சென்னைத் தமிழ். "என்ன மச்சான், எங்க போறாய்?" எண்டு பத்து நிமிசத்துக்கு முதல் கேட்டவன், கமராவுக்கு முன்னால "என்னடா மச்சி, எங்கடா போற?" என்கிறான். சினிமா எண்டால் அப்படித்தான் கதைக்க வேணும் எண்டு அவனுக்குப் படிந்துபோச்சு. 'பொன்மணி'யில் யாழ்ப்பாணத்துத் தமிழ் கூச்சமில்லாமல் நடமாடுது. அதைப் பார்த்தவனுக்குத்தான் "மனே" எண்டு ஒரு அம்மா திரையில் கூப்பிடலாம் எண்டு தோணும். அழகியல் கற்கைகள் நிறுவகத்தில் கூத்தும் இசையும் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும் இதைத்தான் சொல்கிறோம்.

செய்யக்கூடிய வேலை பெரிசில்லை. ஒரு புரொஜெக்டரை இரவல் வாங்குங்க, ஒரு வெள்ளைச் சேலை, ஒரு சுவர். தனியாகப் போனில் பார்க்க வேண்டாம், பத்துப் பேரைக் கூப்பிடுங்க. முடிந்த பிறகு பிளேன்ரீ ஊத்தி அரை மணித்தியாலம் கதையுங்க. திரைப்பட விழா நடத்துகிறவர்களிடமும் டிவிக்காரரிடமும் இந்தப் படங்களின் பேரைச் சொல்லிக் கேளுங்க. ஒரு பத்து ஊரில் இருந்து பத்துப் பேர் கேட்டால், இல்லை எண்டு சொல்லுறவரும் ஒருமுறை அலுமாரியைத் திறந்து பார்ப்பார்.

அடுத்த மாதம் நாங்கள் 'பொன்மணி'யைத் திரும்பவும் போடுகிறோம், இந்த முறை பட்டிருப்புப் பாலத்துக்கு அந்தப் பக்கம். அந்த மாமாவுக்கும் சொல்லியாச்சு. "பாதியில எழும்பிப் போனாலும் பரவாயில்ல, வாங்க" எண்டோம். "தேத்தண்ணி தருவீங்களெண்டா வாறன்" எண்டிருக்கிறார்.