இறங்கி வந்த பிறகு

சைகடெலிக் மருந்துகளைக் கொண்டு மனநோய்களுக்குச் சிகிச்சையளிக்கும் ஆய்வுகள் இந்நூற்றாண்டில் மீண்டும் உயிர்பெற்றுள்ளன. அச்சிகிச்சை பொதுவாக மூன்று கட்டங்களைக் கொண்டது. முதலாவது, நோயாளியை ஆயத்தப்படுத்துதல். இரண்டாவது, சிகிச்சையாளர்கள் உடனிருக்க மருந்து உட்கொள்ளும் நாள். மூன்றாவது, அன்று கண்டதை அன்றாட வாழ்வோடு இணைத்துக்கொள்வதற்கான உரையாடல்கள். செய்தித்தாள்கள் இரண்டாம் கட்டத்தைப் பற்றியே எழுதுகின்றன. ஆனால் அது ஒரே பகலில் முடிந்துவிடுகிறது. மூன்றாம் கட்டமோ, ஒரு மனிதருக்கு 58 ஆண்டுகள் நீடித்தது.

ரிச்சர்ட் ஆல்பர்ட் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்தவர். செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. மெர்சிடிஸ் காரும் சிறு விமானமும் சொந்தமாக வைத்திருந்தவர். 1961 மார்ச்சில், பாஸ்டனை அடுத்த நியூட்டனில், உடன் பணியாற்றிய திமொத்தி லியரியின் இல்லத்தில் முதன்முறையாகச் சைலோசைபின் உட்கொண்டார். அன்றிரவு நேர்ந்ததைப் பின்னாளில் அவரே எழுதியுள்ளார். அறையின் இருளில் ஓர் உருவம் நின்றது. உற்று நோக்கினால், அது பேராசிரியர் அங்கி அணிந்த அவரே. அது மறைந்தது. அடுத்தடுத்து வேறு வேடங்கள் தோன்றி விலகின. ‘ரிச்சர்ட்’ என்று பெற்றோர் அழைத்துப் பழக்கிய அடையாளமும் போயிற்று. உடலாவது மிஞ்சுமென்று குனிந்து பார்த்தார், உடலையும் காணவில்லை. பேரச்சத்தின் நடுவே, ‘இத்தனையும் போன பின்பு பார்த்துக்கொண்டிருப்பது யார்?’ என்ற வினா எழுந்தது, அச்சம் அடங்கிற்று. விடியுமுன் பனியில் நடந்து பெற்றோரின் வீட்டை அடைந்து, வாசலை மூடியிருந்த பனியை வாரத் தொடங்கினார். சன்னலில் தோன்றி அவர்கள் கடிந்துகொண்டபோது, சிரித்தபடி நடனமாடினார்.

அந்த நிலை நீடிக்கவில்லை. மீண்டும் உட்கொண்டார், மீண்டும் இறங்கினார். மாணவர் ஒருவருக்கு அம்மருந்தைக் கொடுத்ததற்காக 1963இல் பல்கலைக்கழகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. அக்காலத்தில் ஒருமுறை ஐவர் ஒரு கட்டடத்துக்குள் மூன்று வாரங்கள் அடைந்துகொண்டு, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்.எஸ்.டி. உட்கொண்டார்கள். வெளியே வந்த சில நாள்களில் அவர்களும் இறங்கிவிட்டார்கள்.

இதை மருந்தின் குறை என்று மட்டும் கொள்வதற்கில்லை. ஒருவரின் அடையாளம் அவருடைய தலைக்குள் மட்டும் இருப்பதன்று. தாய் அழைக்கும் தொனியில், மாணவரின் எதிர்பார்ப்பில், பழகிய சினத்தில், கட்டவேண்டிய கடனில் அது பரவிக் கிடக்கிறது. மருந்து கரைத்தது அவருக்குள் இருந்த பாகத்தை. வெளியே இருந்த பாகம் அப்படியே காத்திருந்து, திரும்பி வந்தவரை மீண்டும் போர்த்திக்கொண்டது.

1967இல் இந்தியா வந்த ஆல்பர்ட், நைனிதாலுக்கு அருகே நீம் கரோலி பாபாவைச் சந்தித்தார். தாம் கொண்டுவந்திருந்த எல்.எஸ்.டி.யைப் பாபா பெருமளவில் விழுங்கியும் அவரிடம் மாற்றமேதும் தென்படவில்லை என்பது ஆல்பர்ட்டின் கூற்று. அதனை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அவர் அங்கிருந்து பெற்றுச் சென்றவை இரண்டு: ராம் தாஸ் என்ற பெயர், பிறருக்குத் தொண்டு செய் என்ற கட்டளை. புதிய பெயரின் பொருளே தொண்டன் என்பதுதான். கரைந்துபோன வேடங்களின் இடத்தில் அவர் ஏற்றது, பிறரின்றி நடிக்கவே இயலாத ஒரு வேடத்தை.

1978இல் தொடங்கிய சேவா அறக்கட்டளையின் நிறுவனர்களுள் அவரும் ஒருவர். பெரியம்மை ஒழிப்பில் பணியாற்றிய லாரி பிரில்லியன்ட், மதுரையில் 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மருத்துவர் கோ. வெங்கடசாமி ஆகியோரும் அதில் இணைந்திருந்தார்கள். அந்நிறுவனத்தின் துணையோடு 1992இல் அமைந்த ஆரோலேப், கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகளை ஏழைகளுக்கும் எட்டும் விலையில் தயாரிக்கலாயிற்று. கண்புரை நீங்கி எழுந்த முதியவர்களுக்கு நியூட்டனின் அந்த இரவைப் பற்றி ஏதும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் அது ஒரு நற்செய்தியாக மட்டும் நின்றிருக்கும். 1997இல் ராம் தாஸைப் பக்கவாதம் தாக்கியது. மரணத்தை எதிர்கொள்வது பற்றிப் பல்லாண்டுகள் பேசியவர், அவ்வேளையில் தம் மனத்தில் கடவுளோ குருவோ தோன்றவில்லை என்றும், கூரையில் ஓடிய குழாய்களை வெறித்துக்கொண்டு கிடந்ததாகவும் ஒளிவின்றிச் சொன்னார். தேர்வில் தோற்றுவிட்டதாகவே அவர் கருதினார். பேச்சே தொழிலாக இருந்தவருக்குச் சொற்கள் கிட்டவில்லை. உண்ணவும் உடுக்கவும் பிறர் கை தேவைப்பட்டது. பிறருக்கு எவ்வாறு உதவலாம் என்று முன்பு நூல் எழுதியவர், இனி எழுதினால் ‘எனக்கு நீங்கள் எவ்வாறு உதவலாம்’ என்றே தலைப்பிட வேண்டும் என நகைத்தார். உதவுபவன் என்பதும் கழற்ற வேண்டிய ஒரு வேடமே என்று அந்தச் சக்கர நாற்காலி அவருக்குக் கற்றுக்கொடுத்தது. 2019 டிசம்பரில் மறையும்வரை 22 ஆண்டுகள் அவர் அந்தப் பாடத்தைப் படித்தார்.

இந்தியாவில் சைலோசைபினும் எல்.எஸ்.டி.யும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்டவை. எனினும் இவ்வினா இந்நாட்டவருக்கு அந்நியமானதன்று. பத்து நாள் விபாசனா முகாமிலிருந்து திரும்பிய மூன்றாம் நாளே அலுவலகத்தில் பழைய எரிச்சலோடு அமர்ந்திருப்பவர் அதை அறிவார். மண்டல விரதம் இருந்து மாலையைக் கழற்றியவரும் அறிவார். உச்சியில் என்ன கண்டாய் என்று கேட்பவர் பலர். அதன்பின் வீட்டிலிருப்போர் உன்னிடம் என்ன மாற்றம் கண்டனர் என்பதே கேட்கத்தக்க கேள்வி. அதற்கான விடையைக் கண்டவர் சொல்ல இயலாது. அவரோடு வாழ்பவர்களே சொல்ல வேண்டும்.