தந்தையின் தராசு

பகைவன் பகைவனைக் கொன்றால் அதனைப் போர் என்கிறோம். உடன்பிறந்தான் உடன்பிறந்தானைக் கொன்றால் அதற்குப் பெயரிட நா எழுவதில்லை. கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் தம் கவிதையியல் நூலில் அவல நாடகத்தின் இயல்பினை ஆராயுமிடத்து இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டார். பகைவரிடையேயும் அயலாரிடையேயும் நிகழும் கொடுமை நம் நெஞ்சை அவ்வளவாக உருக்குவதில்லை. அன்பினாற் பிணிப்புண்டவரிடையே அது நிகழும்போதே அச்சமும் இரக்கமும் ஒருங்கே எழுகின்றன என்பது அவர் கண்ட முடிபு.

அந்நூல் பத்தாம் நூற்றாண்டிலேயே அரபு மொழிக்கு வந்துவிட்டது. பக்தாதில் வாழ்ந்து கி.பி. 940ஆம் ஆண்டில் மறைந்த அபூ பிஷ்ர் மத்தா என்னும் அறிஞர் அதனைச் சுரியானி மொழியிலிருந்து பெயர்த்தார். நாடக மேடை அறியாத அரபு மொழியில் அவல நாடகத்தை எச்சொல்லால் குறிப்பது? அவர் அதனை ‘மதீஹ்’ என்றார், அதாவது புகழ்ப்பா. நகை நாடகத்தை ‘ஹிஜா’ என்றார், அதாவது வசைப்பா. இதனைச் சுட்டி நகைப்போர் உளர். ஆயினும் இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அந்நூலுக்கு உரை வகுத்த குர்துபா நகரத்து இப்னு ருஷ்து (1126–1198), சொல்லின் பிழையைக் கடந்து பொருளின் உயிரைத் தொட்டுவிட்டார். மதரஸாவில் ஓதிய நாள்களில் அவரை ‘பிதாயத்துல் முஜ்தஹித்’ என்னும் சட்ட நூலின் ஆசிரியராக மட்டுமே நாம் அறிந்திருந்தோம். அவருடைய கவிதையியல் உரையைப் பின்னர்ப் பயின்றபோது வியப்புற்றோம். கிரேக்க நாடகம் ஒன்றனையேனும் கண்டிராத அப்பெருமகனார், உறவினரிடையே விளையும் துயருக்குச் சான்று தேடியபோது, தம் மகனை அறுத்துப் பலியிடப் பணிக்கப்பெற்ற இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் வரலாற்றை எடுத்துக் காட்டினார். யூசுஃப் நபி (அலை) அவர்களையும் அவர்தம் சகோதரர்களையும் பற்றிய வரலாறும் அவ்வுரையில் இடம்பெறுகிறது. நாடகம் அயல்நாட்டுச் சரக்காக இருக்கலாம். வீட்டுக்குள் எழும் துயரம் எந்நாட்டார்க்கும் அயலன்று.

கிரேக்கர் தம் தொன்மங்களில் இத்துயரைத் தீப்ஸ் நகரத்து அரச குடும்பத்தின்மீது ஏற்றிச் சொன்னார்கள். ஈடிப்பஸ் மன்னனுக்கு எட்டியோக்ளிஸ், பாலினைசிஸ் என ஆண்மக்கள் இருவர். தந்தையை அவர்கள் உரியவாறு பேணவில்லை. தந்தை அவர்களைச் சபித்தான். ஆண்டுக்கொருவராக அரியணை ஏறுவது என உடன்பிறந்தார் இருவரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். முதலாண்டு முடிந்தது, எட்டியோக்ளிஸ் இறங்க மறுத்தான். மற்றவன் ஆர்கோஸ் நகரஞ் சென்று, அந்நாட்டு மன்னனின் மகளை மணந்து, அயற்படையைத் திரட்டிக்கொண்டு தன் பிறந்த ஊரின் ஏழு வாயில்களையும் முற்றுகையிட்டான். உடன்பிறந்தார் இருவரும் ஒருவரையொருவர் குத்தி மாண்டனர். கி.மு. 467இல் ஈஸ்கிலஸ் இதனை நாடகமாக்கினார். யூரிப்பிடிஸ் அமைத்த நாடகத்தில் தாய் இயோகாஸ்தா இருவருக்குமிடையே நின்று மன்றாடுகிறாள். பயனின்றி, அவர்தம் உடல்களின்மீதே தன்னுயிரையும் மாய்த்துக்கொள்கிறாள். அதன் பின்னும் ஓரவஞ்சனை ஓய்ந்தபாடில்லை. புதிய அரசனான கிரியோன் ஒருவனுக்கு அரச மரியாதையுடன் அடக்கம் செய்வித்து, மற்றவன் பிணத்தை நாய்க்கும் கழுகுக்கும் எறியுமாறு ஆணையிட்டான். அந்த அண்ணனுக்கு ஒரு பிடி மண் இட்டதற்காக அவன் தங்கை ஆண்டிகனி உயிரை இழந்தாள். சோபாக்ளிஸின் நாடகத்தால் அவள் பெயர் இன்றளவும் நிற்கிறது.

இஃது எங்கோ நிகழ்ந்த கற்பனை என்று தள்ளுவார், நம் மதுரையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

1268ஆம் ஆண்டில் முடிசூடிய முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன், எம்மண்டலமும் கொண்டருளியவன் எனக் கல்வெட்டுகள் போற்றும் பெருவேந்தன். சோழப் பேரரசு இவன் காலத்திலேயே மறைந்தது. அரபு வணிகர் இந்நாட்டை ‘மஅபர்’ என்றனர். காயல் துறைமுகத்தில் பாரசீக வளைகுடாவின் குதிரைகள் வந்திறங்கின. கைஸ் தீவின் தலைவரான மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்பினார் என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொற்காசு என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய நாட்டில் அமைச்சராக வீற்றிருந்தார். தமிழ் முஸ்லிம்களாகிய நாம் பெருமிதத்தோடு நினைவுகூரும் காலம் அது. அக்காலத்தின் முடிவைத்தான் நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

1290களின் தொடக்கத்தில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ ஒரு செய்தியைக் குறித்து வைத்தார். இந்நாட்டை ஆளும் அரசர்கள் ஐவர் உடன்பிறந்தார். அவர்கள் சண்டைக்கெழும் போதெல்லாம் அவர்தம் தாய் நடுவே வந்து நின்று, பாலூட்டிய மார்பைக் கத்தியால் அறுத்தெறிவேன் என அச்சுறுத்தி அவர்களைப் பிரித்து விடுகிறாள். அவள் கண்ணை மூடினால் இவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வது உறுதி என்கிறார் அவர். அத்தாயின் பெயரை அவர் எழுதவில்லை. யூரிப்பிடிஸின் இயோகாஸ்தா நம் தமிழ்க்கரையில் உயிரோடு உலவியது போன்றதொரு மயக்கம் அப்பகுதியைப் படிக்கும்போது நமக்கு உண்டாயிற்று.

பின்னர் நிகழ்ந்ததை வஸ்ஸாஃப் கூறுகிறார். குலசேகரனுக்கு மைந்தர் இருவர். சுந்தர பாண்டியன் பட்டத்தரசி வயிற்றுப் பிள்ளை, மூத்தவன். வீர பாண்டியன் முறைப்படி மணவாதவள் வயிற்றுப் பிள்ளை, இளையவன். இளையவனின் அறிவையும் துணிவையும் கண்டு மகிழ்ந்த தந்தை, தனக்குப் பின் அவனே அரசன் என அறிவித்தான். வெகுண்ட சுந்தர பாண்டியன், ஹிஜ்ரி 709ஆம் ஆண்டின் இறுதியில், அதாவது 1310இல், பெற்ற தந்தையையே கொன்று மதுரையில் முடிசூடினான். பின்னர் உடன்பிறந்தாரிடையே போர் மூண்டது. முதற்போரில் வீர பாண்டியன் காயமுற்றான். மறுமுறை உறவினன் ஒருவன் துணையோடு வென்றான். தோற்ற சுந்தர பாண்டியன் தில்லியில் அலாவுத்தீன் கில்ஜியிடம் அடைக்கலம் தேடி ஓடினான். பாலினைசிஸுக்கு ஆர்கோஸ், சுந்தர பாண்டியனுக்குத் தில்லி.

வஸ்ஸாஃப் பாரசீகத்திலிருந்து எழுதியவர் ஆதலின், அவர் கூற்று முழுவதையும் ஏற்கத் தயங்கும் ஆய்வாளரும் உளர். வீர பாண்டியனின் ஆட்சியாண்டு 1297ஐ ஒட்டியும், சுந்தர பாண்டியனின் ஆட்சியாண்டு 1303ஐ ஒட்டியும் தொடங்குவதாகக் கல்வெட்டுகளைக் கொண்டு கணிக்கின்றனர். அவ்வாறாயின் தந்தை இருக்கும்போதே மக்கள் இருவரும் ஆட்சியில் பங்கு பெற்றிருந்தனர் என்பதும், இளையவனே முன்னர்ப் பெற்றான் என்பதும் விளங்கும். கொலை நிகழ்ந்த விவரத்தில் ஐயம் எழலாம். உடன்பிறந்தார் போரில் ஐயமில்லை. அமீர் குஸ்ரோவும் இவ்விருவரின் பகைமையைக் குறிப்பிடுகிறார். 1311இல் மாலிக் காஃபூரின் படை மஅபருக்குள் நுழைந்தபோது எதிர்த்து நிற்க ஒன்றுபட்ட பாண்டியப் படை இல்லை. மதுரை வெறிச்சோடிக் கிடந்தது. அரசன் அரசியரோடு வெளியேறிவிட்டான். 512 யானைகளும் 5,000 குதிரைகளும் தில்லிக்குச் சென்றன என்பது குஸ்ரோ தரும் கணக்கு. அடுத்த சில ஆண்டுகளில் வேணாட்டு ரவிவர்ம குலசேகரன் காஞ்சிவரை வந்து முடிசூடினான். அவன் பின்னே காகத்தியர் படை வந்தது. நாம் வாழும் இத்தொண்டை மண்டலம் கைமாறிக் கைமாறி அலைந்தது. நாற்பது ஆண்டுகள் ஆண்ட ஒரு தந்தை தன் வீட்டுக்குள் ஒரு தராசைச் சரியாகப் பிடிக்கவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அவன் முகத்தையே கண்டிராத குடிமக்கள்.

சங்க காலத்திலும் இவ்வாறொரு வேளை வந்ததுண்டு. கோப்பெருஞ்சோழன் தன் மக்கள் இருவர்மீதும் படையெடுத்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர் குறுக்கே வந்தார். நீ வென்றால் உன் நாட்டை யாருக்கு விட்டுச் செல்வாய், நீ தோற்றால் உன் பகைவர் அன்றோ மகிழ்வர் என்னும் பொருள்படப் புறநானூற்றில் அவர் பாடல் அமைந்துள்ளது. மன்னன் போரைக் கைவிட்டான், வடக்கிருந்து உயிர்நீத்தான். துயரம் நீங்கவில்லை, ஆனால் தந்தையின் வாளில் மக்களின் குருதி படியவில்லை. இடையில் நின்று உண்மை சொல்லும் ஒருவர் இருந்தமையால் வந்த வேறுபாடு இது.

திருக்குர்ஆன் மிக அழகிய வரலாறு எனப் போற்றும் யூசுஃப் அத்தியாயமும் இப்புள்ளியிலேயே தொடங்குகிறது. நாம் ஒரு கூட்டமாக இருந்தும் யூசுஃபும் அவர் தம்பியுமே தந்தைக்கு உகந்தவராயினரே என்பது சகோதரர்களின் முறையீடு. அதிலிருந்து கிணறும், அடிமை வணிகமும், அழுதழுது பார்வை மங்கிய ஒரு தந்தையும். யஅகூப் நபி (அலை) ஓரவஞ்சனை செய்தாரா என வினவுவார்க்கு நம் ஆசிரியர்கள் கூறிய விடை நுட்பமானது. உள்ளத்தின் சாய்வு மனிதன் கைவசப்பட்டதன்று. கையின் சாய்வுக்கே அவன் பொறுப்பாளி. ஆயினும் உள்ளத்தின் சாய்வையும் பிள்ளைகளின் கண்கள் கண்டுபிடித்துவிடுகின்றன என்பதை அவ்வத்தியாயம் மறைக்கவில்லை. தீப்ஸின் கதைக்கும் இதற்குமுள்ள வேறுபாடு முடிவில் இருக்கிறது. ஆற்றல் தம் கைக்கு வந்த நாளில் யூசுஃப் (அலை) பழி கூறவில்லை, மன்னித்தார். கிரேக்கத்தில் சாபம் பழுத்து முடிந்த இடத்தில், இங்கே ஒருவரின் மன்னிப்பு ஒரு குடும்பத்தை மீட்டது.

இனி நம் தெருவுக்கு வருவோம். திருமுல்லைவாயில் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே அமைந்த ஊர். 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் எழுந்தபின், ஆலைத் தொழிலாளர் பலர் சிறுகச் சிறுகச் சேர்த்து இப்பக்கத்தில் ஒரு கிரவுண்டு, அரைக் கிரவுண்டு என மனை வாங்கினர். அன்று வாங்கியவர் இன்று முதியவர். அன்றைய மனை இன்று பெருஞ்செல்வம். அரியணை இல்லை, ஆனால் பங்கிட முடியாத ஒன்று வீட்டுக்கு வீடு இருக்கிறது.

ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் நம்மிடம் வந்தார்.

“ஹஜ்ரத், வீட்டைச் சின்னவன் பேரில் ஹிபா எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். படுக்கையில் கிடந்தபோது பார்த்தவன் அவன்தான். பெரியவன் துபாயிலேயே இருந்துவிட்டான்” என்றார்.

“மாடி கட்டப் பணம் அனுப்பியது யார் பாய்?” என்று கேட்டோம்.

சிறிது நேரம் பேசாதிருந்தார். “பெரியவன்தான்” என்றார்.

“மகள்?”

அவர் முகம் மாறிற்று. மகளை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

நாம் அவருக்குச் சட்டம் சொல்லத் தொடங்கவில்லை. மரணத்திற்குப் பின் செல்லும் சாசனம் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாது என்பதும், அதுவும் ஏனைய வாரிசுகளின் இசைவின்றி ஒரு வாரிசுக்குச் செல்லாது என்பதும் அவர் அறிந்தவையே. அதனால்தான் ஹிபா என்னும் வாழ்நாட் கொடையைத் தேடி வந்தார். பஷீர் (ரலி) அவர்களின் செய்தியை மட்டும் கூறினோம். அவர் தம் மகன் நுஃமானுக்கு ஒரு கொடை அளித்தார். தாய் அம்ரா பின்த் ரவாஹா (ரலி), அண்ணல் நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்கினாலன்றி உடன்படேன் என்றார். பஷீர் சென்று கேட்டபோது, உம் பிள்ளைகள் அனைவருக்கும் இவ்வாறே அளித்தீரா என நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்றார். அநீதிக்குச் சாட்சி நிற்க மறுத்து, இறைவனை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதி செலுத்துமாறு பணித்தார்கள். பஷீர் கொடையைத் திரும்பப் பெற்றார். கொடையில் சமநிலை கட்டாயமா, விரும்பத்தக்கதா என்பதில் இமாம்கள் கருத்து வேறுபட்டனர். தக்க காரணமுள்ள ஏற்றத்தாழ்வுக்கு இடமளித்தோரும் உளர். நோயில் துணைநின்ற மகனுக்குக் கைம்மாறு செய்ய எண்ணுவது இயல்பே. ஆனால் அதனை மற்ற இருவரும் அறியாமல் செய்வதில்தான் நஞ்சு இருக்கிறது.

“மூன்று பேரையும் ஒரே நாளில் உட்கார வைத்து, உங்கள் வாயால் சொல்லுங்கள் பாய். பத்திரப் பதிவு அதற்குப் பிறகு இருக்கட்டும்” என்றோம்.

மூத்தவர் விடுமுறையில் வந்தபோது மூவரும் கூடினர். அழுகையும் எழுந்தது, உரத்த சொற்களும் எழுந்தன எனக் கேள்வியுற்றோம். கீழ்த்தளம் இளையவருக்கு, மாடி மூத்தவருக்கு, மகளுக்கு ஈடாகத் தொகை என முடிவாயிற்று. மூவருக்கும் முழு நிறைவில்லை. பெரியவர் மறைந்த அன்று மூவரும் ஒரே வாசலில் நின்றனர்.

கிரேக்கப் புலவர்கள் விதியைக் குற்றஞ்சாட்டினார்கள். வீடுகளை அழிப்பது பெரும்பாலும் விதியன்று. பெற்றோர் உரிய காலத்தில் சொல்லாமல் விட்ட சொல்லும், பிள்ளைகளுக்குத் தெரியாமல் இட்ட கையொப்பமுமே. மதுரையில் தாய் இருந்தவரை மைந்தர்கள் வாளை உறையிலிட்டனர் என்றால், அவள் உயிரோடிருந்த காலமே நீதி செய்வதற்கு உரிய காலமாக இருந்தது. பெற்றோர் இருக்கும் வீடுகளில் அக்காலம் இன்னும் இருக்கிறது. அடுக்களைப் பங்கீட்டிலும், படிப்புச் செலவிலும், மகளின் பெயரை மறவாமல் உச்சரிப்பதிலும் அந்தத் தராசு நாள்தோறும் ஏறி இறங்குகிறது. பிள்ளைகள் அதனைப் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள்.