ஷூ லேஸை அவிழ்த்த கிளி

ஆர்தர்ஸ் பாஸ், நியூசிலாந்து
ஞாயிறு இரவு

அன்புள்ள மீனா,

முதலில் என் வழக்கைக் கேள். வாடகைக் காரின் ஜன்னல் ரப்பரைக் கிளிகள் உரித்துவிட்டன. பசிக்கு இல்லை, நீளமாக இழுத்து, ருசி பார்த்து, துப்பிவிட்டன.

காப்பி வாங்கித் திரும்பினால் கார் கூரைமேல் மூன்று கியாக் கிளிகள். நம்மூர்ப் பச்சைக்கிளியை நினைக்காதே. காக்கையைவிடப் பெரிது, பாசி நிறம், கொக்கி மாதிரி அலகு. எழுந்து பறந்தால்தான் இறக்கைக்கு அடியில் ஆரஞ்சு தெரியும். கண்ணைச் சுற்றி மஞ்சள் இருந்தால் இளசு என்றார் பக்கத்து மேசைக்காரர். மூன்றுமே இளசு, அடங்காத வயசு. கை தட்டினேன். ஒன்று குதித்து வந்து என் ஷூ லேஸை அவிழ்த்தது. நான் அதைப் பார்த்து நின்ற நேரத்தில் மற்ற இரண்டும் காரியத்தை முடித்துவிட்டன! டீச்சர் நம்மைக் 'கிளிப்பிள்ளைகளா' என்று திட்டுவாரே, இதைப் பார்த்திருந்தால் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருப்போம்.

ரப்பர் போனால் போகட்டும். 'உணவு தராதீர்கள்' என்ற பலகைக்கு அடியிலேயே ஒரு குடும்பம் போட்டோவுக்காகச் சிப்ஸ் நீட்டியதுதான் பொறுக்கவில்லை. தீனிக்காக மனிதர்களைச் சுற்றும் கியா, அப்படியே கட்டடங்களையும் கடித்துப் பார்க்கும். பழைய கூரைகளில் ஈய ஆணி, ஈயத் தகடு. ஈயம் இனிக்குமாம். நக்கி நக்கியே விஷமேறிச் சாகிறது. அதனால் கூரை கூரையாக ஈயத்தைக் கழற்றி மாற்றுகிறார்கள். கிளியைக் காப்பாற்ற ஆணி பிடுங்குவார்கள் என்று எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை.

ஆட்டின் முதுகைக் கொத்துகிறது என்று ஒரு காலத்தில் இதன் அலகுக்கு அரசாங்கமே காசு கொடுத்தது. சுமார் 1,50,000 பறவைகள் போயின. முழுப் பாதுகாப்பு வந்தது 1986இல்தான். இப்போது மிஞ்சியவை சில ஆயிரம். கூடு கட்டுவதும் தரையில், பாறை இடுக்கில். முயலை ஒழிக்கக் கொண்டுவந்த ஸ்டோட், நம் கீரி மாதிரி ஒன்று, முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். அதற்குக் காடெங்கும் பொறி வைத்திருக்கிறார்கள்.

காரை வாடகைக்கு விட்டவருக்குப் போன் செய்தேன். சிரித்தார். பிறகு, காப்பீட்டில் வராது என்றார்.

சாயங்காலம் மலைச்சரிவில் 'கீ...யா' என்று கூப்பிட்டுக்கொண்டே போயின. பெயர் வந்ததே அந்தக் குரலிலிருந்துதான். கோபம் அங்கேயே கரைந்தது.

இப்போது கூரைமேல் யாரோ நடக்கிற சத்தம். ஷூவை வாசலில் விட்ட ஞாபகம். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

உன்
கல்பனா