கையெழுத்து இருந்தது, ஆள் இல்லை

பண விவகாரம் என்று வக்கீலிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கைவிட்டுப் போன பணத்துக்காக வருவார்கள். வந்த பணத்தால் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. சாங்கிப் பக்கம் தொழிற்பயிற்சிப் பள்ளி நடத்திய ஒருவர் அப்படித்தான் டன்லப் ஸ்திரீட்டில் இருந்த என் அலுவலகத்துக்கு வந்தார். அவர் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அவரையோ பள்ளியையோ அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

காலத்தைச் சொன்னால்தான் வழக்கு விளங்கும். 2019-ஆம் ஆண்டு சாங்கி விமான நிலையத்தில் 68.3 மில்லியன் பயணிகள் வந்துபோனார்கள். கொவிட் கிருமித்தொற்றால் பயணம் முடங்கிய 2020 ஏப்ரலில், மாதம் முழுவதும் சேர்த்தே 25,200 பேர்தான். முந்திய ஆண்டில் நான்கு மணி நேரத்துக்குள் கடந்துபோன கூட்டம் அது. மே 1-ஆம் தேதி இரண்டாம் முனையம் மூடப்பட்டது, 16-ஆம் தேதி நான்காம் முனையம். பெட்டி ஏற்றுகிறவர், சக்கர நாற்காலி தள்ளுகிறவர், விமானத்துக்குள் துப்புரவு செய்கிறவர், பாதுகாவலர் என்று பல்லாயிரம் பேர் வேலை என்று ஒன்று பெயரளவில் மட்டும் இருக்க, வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். தெம்பனிஸ், சீமெய், பிடோக் புளோக்குகளில் அந்த நாட்களில் வீட்டுக்கு ஒருவராவது அப்படி இருந்திருப்பார்.

சிங்கப்பூர் அரசாங்கம் அந்த ஆண்டு பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் நான்கு வரவுசெலவுத் திட்டங்களை அறிவித்தது. அப்போது துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் இருந்த ஹெங் சுவீ கியட் அறிவித்தவற்றின் மொத்தம் 100 பில்லியன் வெள்ளியை நெருங்கியது. அதில் 52 பில்லியன் வரை கடந்தகால இருப்பிலிருந்து எடுக்க அதிபரின் ஒப்புதல் பெறப்பட்டது. விமானத் துறை ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 4,600 வெள்ளிக்கு 75 விழுக்காட்டை வேலை ஆதரவுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. அதோடு, ஊழியரைப் பயிற்சிக்கு அனுப்பினால் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை மானியம். பயிற்சியில் இருக்கும் நேரத்துக்கு, மணிக்கு 10 வெள்ளி என்ற உச்சவரம்போடு, முதலாளிக்குச் சம்பள மானியமும் உண்டு. ஆளை நீக்காதே, வேலை இல்லாத நேரத்தில் பள்ளிக்கு அனுப்பு என்பதுதான் இதன் பொருள். நல்ல யோசனை. ஆனால் பயிற்சிக் கட்டண மானியம் பயிற்சிப் பள்ளிகளின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

என் கட்சிக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. விமான நிலையத்திலேயே பல காலம் மேற்பார்வையாளராக இருந்தவர். பிறகு சொந்தமாகப் பள்ளி வைத்து வேலையிட ஆங்கிலம், வாடிக்கையாளர் சேவை, பணியிடப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொடுத்தார். இரண்டு வகுப்பறை, மூன்று பயிற்றுநர், கணக்குக்கு ஒரு இளம்பெண், அவ்வளவுதான் பள்ளி. 2020-இன் நடுப்பகுதியில் திடீரென்று ஒரே வாரத்தில் அவரிடம் முன்பு ஆறு மாதத்தில் வரும் மாணவர் எண்ணிக்கை வந்தது. அவர் என்ன செய்வார்? இன்னும் சில அறைகளை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்தார். மடிக்கணினிகள் வாங்கினார். பயிற்றுநர்களை நிரந்தரமாக வேலைக்கு வைத்தார். “அப்ப நிறுத்துறதுக்கு யாருக்குச் சார் மனசு வரும்? நம்ம ஆளுங்கதானே வீட்டுல உக்காந்திருக்காங்க” என்றார் என்னிடம். நான் அதை நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

ஓராண்டு கழித்து, நிதி கொடுத்த அமைப்பிலிருந்து கணக்காய்வாளர்கள் வந்தார்கள். பள்ளியின் வருகைப் பதிவேடுகளை ஒருபக்கமும், மாணவர்களை அனுப்பிய நிறுவனங்களின் வேலை அட்டவணையை மறுபக்கமும் வைத்துப் பார்த்தார்கள். அதன்பின் கடிதம் வந்தது. குறிப்பிட்ட சில மாதங்களுக்குக் கொடுத்த மானியம் முழுவதையும் திருப்பித் தரவேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் விவகாரம் காவல்துறைக்குப் போகலாம். தொகை ஆறு இலக்கம்.

அந்த அமைப்பு கடுமை காட்டியதில் வியப்பில்லை. 2017-இல் ஒரு கும்பல் செயல்படாமல் கிடந்த நிறுவனங்களை வைத்து, இல்லாத ஊழியர்கள் போகாத வகுப்புகளுக்குப் போனதாகக் காட்டி, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கப் பயிற்சித் திட்டத்தின் நிதியிலிருந்து ஏறத்தாழ 40 மில்லியன் வெள்ளியைச் சுருட்டியது. அதில் தொடர்புடைய பலர் சிறைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு பயிற்சி மானியம் என்றாலே ஆவணங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. என் கட்சிக்காரர் அந்தக் கும்பலைச் சேர்ந்தவர் இல்லை. ஆனால் தாளில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் உடனே தெரியாது. அந்த வித்தியாசத்தைக் காட்டுவதுதான் எனக்கு வந்த வேலை.

ஒரு தாளை இங்கே விரித்துக் காட்டுகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை வருகைத் தாள். பெயருக்கு நேரே இரண்டு கட்டங்கள், காலை ஒன்று, பிற்பகல் ஒன்று. எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது. அதில் ஒரு பெயருக்கு உரியவர் சரக்குப் பிரிவு ஊழியர். பயணிகள் விமானம் நின்றாலும் சரக்கு விமானம் நிற்கவில்லை அல்லவா? அன்று மதியம் அவசரமாக ஆள் தேவைப்பட, நிறுவனம் அவரை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டது. இரண்டு மணி முதல் அவர் சரக்கு முனையத்தில் இருந்ததற்கு அட்டவணை சாட்சி. பிற்பகல் வகுப்பில் இருந்ததற்கு அவர் கையெழுத்தே சாட்சி.

கணக்குப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்காமல் சொன்னாள். “வகுப்பு முடிஞ்சதும் பஸ்ஸுக்கு ஓடிடுவாங்க சார், கையெழுத்துப் போட மறந்துடுவாங்க. அதனால காலையிலயே ரெண்டு கட்டத்திலயும் போட வச்சிடுவோம்.” யாரும் யாரையும் ஏமாற்றத் திட்டம் போடவில்லை. வேலையைச் சுலபமாக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு பழக்கத்தால், உண்மையாகவே வகுப்பில் இருந்தவர்களின் கையெழுத்தும் சேர்ந்து செல்லாக்காசாகிவிட்டது.

“பாடம் நடத்துனது நிசந்தானே சார், அதுல என்ன பொய் இருக்கு?” என்று கட்சிக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். இந்தக் கேள்விக்கு இரண்டு சட்டங்களில் இரண்டு விதமான பதில்.

குற்றவியல் சட்டத்தில் அவர் கேள்விக்கு மதிப்பு உண்டு. தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு ஏமாற்றிப் பொருள் பெறுவதற்கு 10 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. கணக்கைத் திரிப்பதற்கான 477ஏ பிரிவிலும் 10 ஆண்டு வரை உண்டு. இரண்டிலும் நேர்மையற்ற நோக்கத்தை அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். சோம்பலும் அவசரமும் மோசடியாகிவிடாது.

ஒப்பந்தச் சட்டத்திலோ அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. அவர் கையெழுத்திட்டிருந்த மானிய ஒப்பந்தத்தில், மாணவர் குறைந்தது 75 விழுக்காடு நேரம் வகுப்பில் இருந்திருக்க வேண்டும், அதற்கான பதிவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் திரும்ப வேண்டும் என்று தெளிவாக இருந்தது. “அண்ணே, அவங்க உங்ககிட்ட பாடத்தை விலைக்கு வாங்கல. இன்னார் இத்தனை மணி நேரம் உக்காந்திருந்தார்னு காட்டுற அத்தாட்சியைச் சேர்த்துத்தான் வாங்கினாங்க. நீங்க பாடத்தைக் கொடுத்துட்டு அத்தாட்சியைக் கொடுக்காம விட்டுட்டீங்க” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஒப்பந்தத்தை அன்றுதான் முழுதாகப் படிப்பதாகச் சொன்னார்.

நாங்கள் எடுத்த வழி இதுதான். எல்லா வருகைத் தாள்களையும் மூன்று கட்டாகப் பிரித்தோம். வேறு ஆதாரமும் சேர்ந்து ஒத்துப்போவது முதல் கட்டு. கையெழுத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லாதது இரண்டாவது. தவறு என்று நமக்கே தெரிவது மூன்றாவது. மூன்றாவது கட்டை அவர்கள் கேட்பதற்கு முன்பே நாங்களாகவே ஒப்படைத்தோம். கட்சிக்காரரின் மைத்துனர் இதை எதிர்த்தார். தானாகப் போய்த் தலையைக் கொடுப்பானேன் என்பது அவர் வாதம். ஆனால் தெரிந்த தவற்றை மறைத்தால், அதுவரை இல்லாத நேர்மையற்ற நோக்கத்தை நாமே உண்டாக்கிக் கொடுத்ததாகிவிடும்.

இரண்டாவது கட்டில்தான் உழைப்பு. வகுப்புக்கென்று வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் மாணவர்கள் கேட்ட சந்தேகங்கள் நேரத்தோடு பதிவாகியிருந்தன. தேர்வுத் தாள்கள் இருந்தன. கிருமிப் பரவல் முறியடிப்புத் திட்டம் நடப்பிலிருந்த ஏப்ரல், மே மாதங்களில் இணையம் வழி நடந்த வகுப்புகளுக்கு யார் எத்தனை மணிக்கு நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்ற பதிவு அப்படியே கிடைத்தது. நேரடி வகுப்பைவிட இணைய வகுப்புக்குச் சாட்சி வலுவாக இருந்தது. இவற்றைக் கொண்டு அந்தக் கட்டில் பாதிக்கு மேல் முதல் கட்டுக்கு மாற்ற முடிந்தது.

விவகாரம் நீதிமன்றப் படி ஏறவில்லை. நிரூபிக்க முடியாத பகுதியை மட்டும் தவணையில் திருப்பித் தருவது என்று சமரசம் ஆனது. காவல்துறைப் புகாரும் இல்லை. வக்கீலுக்கு அது வெற்றிதான். ஆனால் பள்ளி பிழைக்கவில்லை. மானியம் கோரும் தகுதி நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. உதவி விகிதமும் இறங்கிவிட்டது, விமான நிலையம் மெல்ல எழுந்து ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. அறைகளின் வாடகை ஒப்பந்தம் மட்டும் குறையாமல் நின்றது. 2022 மே மாதம் இரண்டாம் முனையம் படிப்படியாகத் திறந்தபோது, அந்த முனையத்து ஊழியர்களுக்குப் பாடம் நடத்திய பள்ளி மூடியிருந்தது. கணக்காய்வு வராமலே இருந்திருந்தாலும் அது மூடியிருக்கும் என்பது என் கணிப்பு. ஓராண்டுப் பணத்தை நம்பி மூன்றாண்டுக் கடப்பாட்டில் கால் வைத்ததே அதன் உண்மையான நோய்.

இந்த நோய் சிறு பள்ளிக்கு மட்டும் வருவதில்லை. 2009-இல் அமெரிக்க மத்திய அரசு பொருளாதார மீட்புச் சட்டத்தின்கீழ் கல்விக்கு மட்டும் ஏறத்தாழ 100 பில்லியன் டாலர் ஒதுக்கியது. அதைக் கொண்டு பல பள்ளி மாவட்டங்கள் ஆசிரியர் வேலைகளைக் காப்பாற்றின. பணம் தீர்ந்ததும் அதே வேலைகளுக்கு மறுபடியும் ஆபத்து வந்தது. கொவிட் காலத்தில் அங்குள்ள பள்ளிகளுக்கு மூன்று சட்டங்கள் வழியாகக் கிட்டத்தட்ட 190 பில்லியன் டாலர் கிடைத்தது. கடைசித் தவணையைச் செலவுக்கு ஒதுக்க 2024 செப்டம்பர் 30 கெடு. கெடு நெருங்கியபோது அங்கும் அதே கவலைதான்.

நம் ஊரிலேயே மாற்று எடுத்துக்காட்டும் உண்டு. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கணினிச் சாதனம் என்பது கல்வி அமைச்சு 2020 மார்ச்சில் அறிவித்த திட்டம். 2028-க்குள் முடிப்பதாக இருந்தார்கள். கிருமித்தொற்று வந்ததும் அதை முன்கூட்டி 2021 இறுதிக்குக் கொண்டுவந்தார்கள். மாணவர்களின் எடுசேவ் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் 200 வெள்ளி கூடுதலாகப் போட்டார்கள். வசதி குறைந்த குடும்பங்களுக்கு மேலும் மானியம் கொடுத்தார்கள். நெருக்கடிக்காகப் புதிதாக ஒன்றைத் தொடங்காமல், ஏற்கெனவே கையில் இருந்த திட்டத்தை வேகப்படுத்தினார்கள். பணம் ஒருமுறை போனது, பொருள் மாணவரிடம் தங்கியது. எடுசேவ் நிதியும் அப்படித்தான். 1993-இல் தொடங்கிய அந்த நிதியில் மூலதனம் அப்படியே இருக்க, அதன் வருமானம்தான் செலவாகிறது. ஆண்டுதோறும் வரும் செலவுக்கு ஆண்டுதோறும் வரும் வருமானம்.

பள்ளி, பாலர் வகுப்பு, துணைப்பாட நிலையம், பயிற்சி மையம் எதை நடத்துகிறவராக இருந்தாலும் இப்போது என்னிடம் ஆலோசனைக்கு வந்தால் நான் சொல்வது இவைதான். உதவிப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுங்கள், கருவி வாங்குங்கள், பாடநூல் தயாரியுங்கள். உதவிக் காலத்தைத் தாண்டி நீளும் வாடகையிலோ நிரந்தரச் சம்பளத்திலோ அதைக் கட்டாதீர்கள். ஆள் தேவையென்றால் உதவி இருக்கும் காலத்துக்கு மட்டும் ஒப்பந்தத்தில் எடுத்து, அதை அவரிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். வருகையை அந்தந்த வேளையில் பதியுங்கள், ஒரு வேளைக்கு இன்னொரு வேளையில் கையெழுத்து வாங்காதீர்கள். நிறுவனச் சட்டப்படி கணக்கு ஆவணங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். ஒப்பந்த வழக்கு தொடர ஆறாண்டு அவகாசம் இருப்பதால் நீங்கள் ஆறுக்கும் மேலாகவே வைத்திருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. மானிய ஒப்பந்தம் கைக்கு வந்ததும் எல்லோரும் எவ்வளவு கிடைக்கும் என்ற பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். எந்தச் சூழ்நிலையில் திருப்பிக் கேட்பார்கள் என்ற பிரிவை முதலில் படியுங்கள். அது புரியவில்லை என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அந்த ஆலோசனைக்குக் கொடுக்கும் கட்டணம், பிறகு என்னிடம் வந்து கொடுப்பதைவிட மிகக் குறைவு.