பூங்கா தொடங்க நினைக்கும் மருமகனுக்கு

கிளிஞ்சல்மேடு,
20.1.2026

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. உன் அம்மாவுக்கு இந்தப் பனியில் முழங்கால் வலி கொஞ்சம் கூடுதல். தை வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்கிறாள். நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. அவள் கணக்கிலேயே போட்டுவிட்டேன்.

போன வாரம் நீ போனில் சொன்ன விஷயத்துக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. உன் அம்மா பக்கத்தில் இருந்தாள், விஷயமும் பெரியது. நீயும் உன் நண்பர்களும் பணம் போட்டு, தரங்கம்பாடி போகும் சாலையில் நிலம் வாங்கி, வெளிநாட்டிலிருந்து பழைய ரைடுகளை இறக்கி, மீதிக்கு வங்கிக் கடன் எடுத்து ஒரு தீம் பார்க் தொடங்க வேண்டும் என்கிறாய். ஊருக்குத் திரும்பி வந்து தொழில் செய்ய நினைக்கிறாயே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் இந்தத் திட்டம் இப்படியே வேண்டாம் என்பதுதான் என் பதில். கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் பயந்து சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன். வேறு என்ன செய்யலாம் என்பதையும் எழுதுகிறேன்.

காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு வந்திருந்த ராட்டினக்காரர் ஒருவரிடம் காலையில் போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். கூட்டம் வருவதற்கு முன்னால் அவர் ராட்டினத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு ஆணியையும் சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். சத்தம் மாறினால் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். கொலம்பஸ் படகுக்கும் அப்படியே. செலவு என்ன என்று கேட்டேன். லாரி வாடகை, தரை வாடகை, கரண்ட், ஆள்களுக்குச் சாப்பாடு, கூலி. மழை அடித்தால்? "அடுத்த ஊர்ல எடுத்துக்குவோம் சார்" என்றார். கூட்டத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "கூட்டத்த நாங்க கூட்டறதில்ல, சாமி கூட்டுது. நாங்க அங்க போய் நிக்கிறோம்" என்றார்.

தீம் பார்க் தொழிலின் முழுக் கஷ்டமும் அவர் சொன்னதற்குள் இருக்கிறது. அவர் கூட்டம் இருக்கும் இடத்துக்கு ராட்டினத்தைக் கொண்டுபோகிறார். பூங்கா வைத்திருப்பவன் ராட்டினத்தைத் தரையில் ஊன்றிவிட்டு, வருஷம் முழுக்கக் கூட்டத்தைத் தன்னிடம் வரவழைக்க வேண்டும். வந்தவனையே திரும்பவும் வரவழைக்க வேண்டும். மழைக்காலத்திலும் பரீட்சைக் காலத்திலும் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் சம்பளமும் வட்டியும் ஓடிக்கொண்டே இருக்கும்.

சென்னையைப் பார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம். என்று நம் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் பஸ் பிடித்துப் போய்வந்த இடங்கள். தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா 1995-இல் திறந்தது. 'மை டியர் குட்டிச்சாத்தான்' என்ற முப்பரிமாணப் படத்தை எடுத்த நவோதயா அப்பச்சன் கட்டியது. அந்த நாளில் அதைப் பார்க்காத பள்ளிக்கூடச் சுற்றுலாவே கிடையாது. ஆனால் ஒரு பூங்கா நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது புதிதாக ஒன்றைக் காட்டியாக வேண்டும். இருப்பதைப் பராமரிக்கவும் காசு வேண்டும். 2016-இல் அங்கே ஒரு ரைடின் சோதனை ஓட்டத்தில் ஊழியர் ஒருவர் இறந்துபோனார். ரைடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கும் உனக்கு அதன் கனத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்திருக்கிறது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் முதலமைச்சர் திறந்துவைத்தார். அறுபத்து நாலு ஏக்கர் சொச்சம், 43 ரைடு, 611 கோடி ரூபாய். இதைக் கேட்டுத்தான் உனக்கும் உன் நண்பர்களுக்கும் உற்சாகம் வந்திருக்கும். ஆனால் அந்தக் கம்பெனி நடந்து வந்த வேகத்தைக் கவனி. வி-கார்டு கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் கொச்சியில் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கினார். அடுத்தது பெங்களூரு, 2005. அதற்கடுத்த ஹைதராபாத் வருவதற்கு 2016 ஆகிவிட்டது. பிறகு 2024-இல் புவனேஸ்வர், இப்போது சென்னை. இருபத்தைந்து வருஷத்தில் ஐந்தே பூங்கா! சென்னைக்கு நிலம் வாங்கிப் பல வருஷம் சும்மா வைத்திருந்தார்கள். உள்ளாட்சி கேளிக்கை வரி 10 சதவீதம் கட்டிக்கொண்டு நடத்தினால் கட்டாது என்று காத்திருந்து, அரசு விலக்கு கொடுத்த பிறகுதான் கட்டத் தொடங்கினார்கள். ரைடுகளில் ஒரு பகுதியைச் சொந்தப் பட்டறையிலேயே செய்துகொள்கிறார்கள். கடனைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, பங்குச் சந்தையில் திரட்டிய பணத்தையும் சம்பாதித்த பணத்தையும் போட்டு வளர்ந்தார்கள்.

இதற்கு நேர்மாறான கதை மகாராஷ்டிரத்தில் நடந்தது. மும்பை - புனே விரைவுச் சாலையில் கோபோலிக்குப் பக்கத்தில் மன்மோகன் ஷெட்டி 2013-இல் இமேஜிகாவைத் திறந்தார். ரைடுகளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. போய்வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். ஆனால் ஆயிரம் கோடிக்கு மேல் கடன். டிக்கெட்டில் வந்த பணம் வட்டிக்கே போனது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பொழுதுபோக்குப் பூங்காவுக்கு 28 சதவீதம் போட்டார்கள். 2018 ஜனவரியில்தான் அது 18 ஆனது. பிறகு கொரோனா வந்து வாசலையே பூட்டியது. கடைசியில் 2022-இல் கடன் கொடுத்தவர்களோடு பேசி முடித்து மால்பானி குழுமம் கையில் எடுத்தது. பூங்கா இன்றும் நன்றாகவே ஓடுகிறது. கட்டியவர் கையில் இல்லை, அவ்வளவுதான். கடன் பிரிவில் இருந்த நாளில் இந்த மாதிரிக் கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சரக்கு நன்றாக இருக்கும், கடன் மட்டும் அதன் தோளுக்குப் பெரிதாக இருக்கும்.

உன் கணக்கையே எடுத்துக்கொள். பேச்சுக்கு இருபது கோடி கடன், பதினொரு சதவீதம் வட்டி என்று வைப்போம். வருஷத்துக்கு வட்டி மட்டும் 2 கோடியே 20 லட்சம். டிக்கெட் 500 ரூபாய் என்றால் ஜி.எஸ்.டி. போக உன் கைக்கு வருவது சுமார் 424. அப்படியானால் வட்டியைக் கட்டுவதற்கு மட்டும் வருஷத்துக்கு ஏறக்குறைய 52 ஆயிரம் டிக்கெட் விற்க வேண்டும். 300 நாள் திறந்திருந்தால் தினம் 173 பேர். அதற்கு அப்புறம்தான் சம்பளம், கரண்ட், தண்ணீர், உதிரிப் பாகம், அசல். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் மழை எப்படி அடிக்கும் என்று உனக்கே தெரியும். கஜா புயல் அடித்ததும் ஐப்பசி கடைசியில்தான். அந்த மாதங்களில் தினம் 173 பேரை எங்கிருந்து கூட்டி வருவாய்?

உப்பையும் மறந்துவிடாதே. நம் வீட்டு ஜன்னல் கம்பிக்கு வருஷாவருஷம் ரெட் ஆக்சைடு அடிக்கிறேன். அப்படியும் அடிப்பக்கம் பொரிந்து கையோடு வருகிறது. ஏற்கெனவே வேறொரு நாட்டில் பல வருஷம் ஓடிய ரைடை இந்தக் காற்றில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை நீயே சொல். கடலோர ஒழுங்குமுறை விதி வேறு இருக்கிறது. உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை அதன் கை நீளும். 2004 டிசம்பர் 26 சுனாமி நம் கிராமத்தில் என்ன செய்தது என்று பார்த்தவர்கள் யாரும் அந்த விதியைத் தொல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

வெளியுலகத்துப் பெரிய கைகள் என்ன செய்கிறார்கள் என்று நீ என்னைவிடக் கிட்டத்தில் இருந்து பார்க்கிறாய். நீ இருக்கும் அபுதாபியில், யாஸ் தீவில் ஃபெராரி வேர்ல்டு, வார்னர் பிரதர்ஸ், சீவேர்ல்டு எல்லாமே மிரால் என்ற அந்த ஊர்க் கம்பெனியின் கையில் இருக்கின்றன. பெயர்தான் வெளியூர்ப் பெயர். 2025 மே மாதம் டிஸ்னி அங்கே வருவதாக அறிவித்ததே, அதிலும் கட்டுவது மிரால், பணம் போடுவது மிரால். டிஸ்னி தன் பெயரையும் பாத்திரங்களையும் வடிவமைப்பையும் கொடுத்துவிட்டு உரிமத் தொகை வாங்கிக்கொள்ளும். டோக்கியோவில் 1983-லிருந்து இதே ஏற்பாடுதான். 1992-இல் பாரிஸ் பக்கம் திறந்ததில் டிஸ்னிக்கும் பங்கு இருந்தது. அங்கே கடன் ஏறி, இரண்டே வருஷத்தில் மறுசீரமைப்பு செய்து, சவூதி இளவரசர் ஒருவரை முதலீட்டுக்கு அழைக்க வேண்டி வந்தது. கதை யாருடையதோ அவனுக்கு லாபம் நிச்சயம். கான்கிரீட் யாருடையதோ நஷ்டம் வந்தால் அவன் தலையில்தான்.

அமெரிக்காவில் சிக்ஸ் ஃபிளாக்ஸும் சீடர் ஃபேரும் 2024 ஜூலையில் ஒன்றாகி, 42 பூங்காக்களை வைத்துக்கொண்டன. சேர்ந்த பிறகும் கடன் அழுத்துகிறது. 2025 நவம்பரில் மேரிலாந்தில் இருந்த பூங்காவை மூடிவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் கிரேட் அமெரிக்கா பூங்காவின் நிலத்தை 2022-லேயே 31 கோடி டாலருக்கு விற்று, அதே இடத்தில் குத்தகைக்கு நடத்துகிறார்கள். அங்கே ரைடுகள் சம்பாதித்துக் கொடுப்பதைவிட மண்ணுக்கு விலை அதிகம். இன்னொரு பக்கம் டிஸ்னி பத்து வருஷத்தில் 6,000 கோடி டாலர் பூங்காக்களிலும் கப்பல்களிலும் போடுவதாக 2023-இல் சொன்னது. ஆர்லாண்டோவில் யுனிவர்சல் 2025 மே மாதம் எபிக் யுனிவர்ஸைத் திறந்தது. நடுத்தரமான பூங்காக்கள் தள்ளாட, மிகப் பெரியவை இன்னும் பெரிதாகின்றன. அந்த ஓட்டத்தில் பழைய ரைடுகளோடு நாம் போய் நிற்பதற்கு இடம் இல்லை.

ஆனால் நமக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

பிரான்சில் வாந்தே என்ற பகுதியில் பூய் து ஃபூ என்று ஒரு பூங்கா. 1978-இல் இடிந்த கோட்டை ஒன்றின் முன்னால், சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்களே சம்பளம் வாங்காமல் நடித்து, தங்கள் மண்ணின் கதையை ராத்திரிக் காட்சியாகப் போட்டார்கள். அது பல வருஷம் நடந்து காலூன்றிய பிறகு, 1989-இல்தான் பகல் பூங்கா திறந்தார்கள். ரோலர் கோஸ்டர் ஒன்றுகூடக் கிடையாது. குதிரை, கழுகு, வாள்சண்டை, நாடகம். இப்போது வருஷத்துக்கு 20 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். காரைக்காலில் பிரான்ஸ் குடியுரிமை உள்ள குடும்பங்கள் எத்தனை! நம் தெருவிலேயே போய்ப் பார்த்துவந்து சொல்ல ஆள் கிடைக்கும்.

நம் பக்கம் கதைக்கா பஞ்சம்? காரைக்கால் அம்மையார் பிறந்த ஊர். வடக்கே தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. 1954 வரை பிரெஞ்சு ஆட்சி. தெற்கே மாசி மகத்துக்குத் திருமலைராயன்பட்டினத்துக்கு வரும் சௌரிராஜப் பெருமாளை நம் மீனவ ஜனம் மாப்பிள்ளை என்று கொண்டாடி வரவேற்கிற வழக்கம். கட்டுமரம், வலை, சுனாமி. இவற்றை நடித்துக் காட்ட வெளியிலிருந்து ஆள் தேட வேண்டாம், உரிமத் தொகையும் யாருக்கும் கட்ட வேண்டாம்.

கூட்டத்தையும் சாமி ஏற்கெனவே கூட்டி வைத்திருக்கிறது. திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமைதோறும் வருகிறார்கள். நாகூர் கந்தூரி இருக்கிறது. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. இவர்களில் பாதிப் பேர் சாமி கும்பிட்டதும் பிள்ளைகளோடு சாயங்காலம் எங்கே போவது என்று தெரியாமல் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நிழல், சுத்தமான கழிப்பறை, பிள்ளைகள் ஆட ஒரு சின்ன நீர்விளையாட்டு, இருட்டியதும் ஒரு மணி நேரக் காட்சி. மற்ற நாளில் நல்ல மீன் சாப்பாடு, சனிக்கிழமை சைவம். நிலத்தை வாங்காதே, குத்தகைக்கு எடு. கடலை விட்டுத் தள்ளி எடு. கடன் இல்லாமல் உங்கள் பணத்தில் முடிகிற அளவுக்குத் தொடங்கு.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் நம் பிள்ளைகள் கரையில் சும்மா இருக்கும் காலம். பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறையும், பூங்காக்களுக்குச் சீசனும் பெரும்பாலும் அப்போதுதான். நம் ஊருக்கு எப்போது வேலை வேண்டுமோ, அப்போதுதான் உன் தொழிலுக்கும் ஆள் வேண்டும். இப்படிப் பொருந்தி வருவது எந்தத் தொழிலிலும் அபூர்வம். கிராமப் பஞ்சாயத்தாரிடம் இதைச் சொன்னால் உன்னோடு நிற்பார்கள். நான் கூட வருகிறேன்.

நீ அபுதாபியில் இருக்கும்வரை ரைடு விலைப்பட்டியல் பார்ப்பதை விடு. அங்கே கூட்டத்தை எப்படி வரிசையில் நிறுத்துகிறார்கள், வெயிலில் காத்திருப்பவனை எப்படிச் சலிக்காமல் வைக்கிறார்கள், டிக்கெட்டுக்கு மேல் சாப்பாட்டிலும் கடையிலும் என்ன வருமானம் வருகிறது, காலையில் கதவு திறப்பதற்கு முன் என்னென்ன சோதிக்கிறார்கள் என்று பார்த்து எழுதி வை. பாதுகாப்பு சம்பந்தமான சான்றிதழ் படிப்புக்குக் கம்பெனியே அனுப்பினால் தட்டாமல் போ. ஊருக்கு வரும்போது உன் கையில் இருக்கிற பணத்தைவிட அது பெரிய முதல்.

சித்திரையில் லீவு கிடைத்தால் வா. இரண்டு பேருமாக இள்ளலூருக்குப் போவோம். உள்ளே போவதற்கு முன்னால் வாசலில் கொஞ்ச நேரம் நின்று, எந்த ஊர் வண்டி வருகிறது, எத்தனை பேர் இறங்குகிறார்கள், என்ன சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று பார்ப்போம். அப்புறம் ஒரு சனிக்கிழமை திருநள்ளாற்றில் அதே மாதிரி நிற்போம். இரண்டையும் பார்த்த பிறகு உன் நண்பர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடு. அதற்குமுன் யாரும் எந்த நிலத்துக்கும் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். இது மட்டும் மாமாவின் கண்டிப்பான வார்த்தை.

அம்மாவுக்கு வாரம் ஒரு தடவையாவது வீடியோவில் பேசு. எனக்குப் பதிலைக் கடிதமாகவே எழுது. போனில் பேசினால் எண்கள் எல்லாம் மறந்துபோகின்றன.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமா