தொட்டதா, தொடேல்லையா?

கலைப்பீடத்தில் படிக்கிற பிள்ளைக்குக் கணினி வரைகலை எதுக்கு எண்டு கேட்காத ஆட்கள் குறைவு. கணினியை மூன்றாவது பாடமாக எடுத்திருந்தேன். அந்த அலகுக்குக் கடைசி அசைன்மென்ட், சின்னதாக ஒரு முப்பரிமாண கேம். அவ்வளவுதான் கதை. வகுப்பில் பாதிப்பேர் கார் ஓட்டினார்கள், மிச்சப்பேர் சோம்பி சுட்டார்கள். எனக்கு விதி முழுக்கத் தெரிந்த ஒரே விளையாட்டு கிளித்தட்டு. அதனால் அதையே எடுத்தேன்.

விதி முழுக்கத் தெரியும் என்று நினைத்ததுதான் பிழை.

தெரியாதவர்களுக்காக: நிலத்தில் ஒரு நீள்சதுரம் கீறி, நடுவால் நீளப்பாட்டுக்கு ஒரு கோடும் குறுக்கே சில கோடுகளும் போட வேண்டும். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் மறிக்கிற பக்கத்து ஆள் ஒருவர் நிற்பார். தன் கோட்டை விட்டு அவர் விலகக்கூடாது. அவர்களின் தலைதான் கிளி. கிளி நடுக்கோட்டிலும் சுற்றுக்கோட்டிலும் ஓடலாம். மற்றப் பக்கத்தார் தொடுபடாமல் கடைசிப் பெட்டி வரை போய்த் திரும்ப வேண்டும். இது எங்கட ஊர் விதி. அடுத்த ஊர்க்காரர் வேறு சொல்லுவினம்.

த்ரீ ஜேஎஸ் என்ற இலவச நூலகத்தை வைத்துத்தான் செய்தேன். பிரவுசருக்குள்ளேயே ஓடும், என்னுடைய பழைய லப்டொப்பும் தாங்கும். முதல் நாள் மண் நிறத்தில் ஒரு தரை, அதன்மேல் வெள்ளைக் கோடுகள். (கோடு வர கோட் எழுத வேண்டியிருக்கிறது என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.) கமராவை 20 மீற்றர் உயரத்தில் வைத்துப் பார்த்தால், கோடுகள் பழுதான ரியூப் லைட் மாதிரித் துடிக்கின்றன. ஒரு கணம் வெள்ளை, மறுகணம் மண்.

அன்றிரவு முழுக்க அதோடுதான். காரணம் கண்டுபிடித்தபோது வெட்கமாக இருந்தது. திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும், இதுவரை வரைந்ததில் கமராவுக்கு ஆகக் கிட்ட உள்ளது எவ்வளவு தூரத்தில் என்று கணினி குறித்துவைக்கும். அதைவிடக் கிட்ட ஏதாவது வந்தால் மட்டும் மாற்றி வரையும். எட்வின் கட்மல் 1974 இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் தன் கலாநிதி ஆய்வேட்டில் எழுதிய யோசனை இது. பிற்காலத்தில் பிக்சாரைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். நான் தரையையும் கோட்டையும் ஒரே உயரத்தில் வைத்திருந்தேன். இரண்டும் ஒரே தூரம், எது முன்னால் என்று கணினிக்குத் தெரியவில்லை. கோட்டை 1 சென்ரிமீற்றர் உயர்த்தினேன். அப்போதும் துடிப்பு நிற்கவில்லை. கமராவின் கிட்டிய எல்லையை 0.001 என்று வைத்திருந்ததால் துல்லியம் முழுக்க மூக்குக்கு முன்னாலேயே செலவாகி, தூரத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதை 0.1 ஆக்கியதும் கோடுகள் அடங்கின.

ஆனால் விளையாட்டு விளையாட்டாக இல்லை. மேலே இருந்து பார்த்தால் கிளி எங்கே நிற்குது எண்டு எப்பவும் தெரியும். காய் நகர்த்துகிற மாதிரி நகர்த்தி வென்றுவிடலாம். பிறகு வாய்மொழிப் பரீட்சையில் விரிவுரையாளரும், "இதை இரு பரிமாணத்திலேயே செய்திருக்கலாமே?" என்றுதான் முதலில் கேட்டார். நல்லகாலம், அதற்கு முதலே கமராவை ஓடுகிறவரின் கண்ணுக்கு, 1.5 மீற்றருக்கு, இறக்கியிருந்தேன். அங்கே இருந்து பார்த்தால் முன்னால் மறிக்கிற ஆள் மட்டும்தான் தெரியும். முதுகுக்குப் பின்னால் நடுக்கோட்டில் கிளி வருகிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டும், திரும்பினால் முன்னால் உள்ளவன் பிடித்துவிடுவான். அந்தப் பயத்துக்குத்தான் மூன்றாவது பரிமாணம் தேவைப்பட்டது. அவருக்கும் அதையே சொன்னேன்.

ஒப்படைக்க இரண்டு கிழமை இருக்கும்போது வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவை லப்டொப்புக்கு முன்னால் இருத்தினேன். "ஏன் பிள்ளை இதுகளுக்கு முகமில்லை?" என்பதுதான் முதல் கேள்வி. முகம் செய்ய நேரமில்லை, எல்லாரும் உருளைகள்தான். கொஞ்சநேரம் ஓடிப் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவு உயரமில்லை" என்றா.

அம்மா கடைசியாகக் கிளித்தட்டு விளையாடியது 12 வயதில். பெரியபிள்ளையான பிறகு விடேல்ல. மாமாக்கள் அதே வளவில் கலியாணம் கட்டும் வரைக்கும் விளையாடினவையாம், இவ வேலிக்குள்ளே நின்று பார்த்தவவாம். இதை முந்தியும் சொல்லியிருக்கிறா, நான் காதில் போட்டதில்லை. 1.5 ஐ 1.25 ஆக மாற்றிக் கொடுத்தேன். உருளைகள் திடீரெனப் பெரிதாகின. "இப்ப சரி" என்றா.

ஓடிக்கொண்டிருந்தவ ஓரிடத்தில் நிறுத்தி, "தொட்டிட்டான்" என்றா.

"இல்லையம்மா, தொட்டால் கேம் நிண்டிடும்."

"எனக்குத் தெரியாதே? கை பட்டது."

எங்கட ஊரில் கிளித்தட்டு ஒரு மணித்தியாலம் என்றால் அதில் அரை மணித்தியாலம் இந்தச் சண்டைதான். எழுதாமல் விட்ட விதி அதுதான்: எது தொடுகை, அதை ஆர் தீர்ப்பது. நான் கிளியின் கையைச் சுற்றி 30 சென்ரிமீற்றர் ஆரமுள்ள, கண்ணுக்குத் தெரியாத உருண்டை ஒன்றை வைத்திருந்தேன். ஓடுகிறவர் அதற்குள் வந்தால் அவுட். சண்டைக்கு இடமில்லை என்று பெருமையாகவும் இருந்தது, ஏதோ உப்பில்லாத மாதிரியும் இருந்தது.

இரவு எண்களை அச்சிட்டுப் பார்த்தால், அம்மா சொன்னது சரி. நிழல் எல்லாம் போட்டு அழகுபடுத்தியதில் லப்டொப் திணறி வினாடிக்கு 8 படத்துக்கு இறங்கியிருந்தது. ஓட்டத்தின் வேகம் வினாடிக்கு 5 மீற்றர். 60 படம் ஓடினால் ஒவ்வொன்றுக்கும் 8 சென்ரிமீற்றர்தான் நகரும். 8 படம் என்றால் 62 சென்ரிமீற்றர், உருண்டையின் விட்டத்தைவிடக் கூட. ஒரு படத்தில் கைக்கு இந்தப் பக்கம், அடுத்ததில் அந்தப் பக்கம். நடுவில் நடந்ததைக் கணினி பார்க்கவே இல்லை. களவு செய்தது கேம்தான்.

நிழலைக் கழற்றினேன். ஒவ்வொரு படத்திலும் பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் இடையில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு கைக்கு எவ்வளவு கிட்டப் போகிறது என்று அளக்கவைத்தேன். விடிய அம்மாவைத் திரும்ப இருத்தினேன். இரண்டாவது பெட்டியிலேயே கேம் நின்றது.

"தொடேல்ல" என்றா அம்மா.

"தொட்டது அம்மா. கணக்குச் சொல்லுது."

"கணக்கு அங்க நிண்டு பார்த்ததே? திருப்பிப் போடு, பிள்ளை."